பாஸ்புக்கில் இல்லாத விரல்கள்

எங்கள் துறையின் பெரிய மைக்ராஸ்கோப்பில் இருந்த பாதரச விளக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அணைந்துபோனது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் ஆசிரியை. புது விளக்கு வேண்டுமென்றால் மூன்று கம்பெனிகளிடம் விலைப்பட்டியல் வாங்கி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதில் ஒரு தேதி தப்பென்று அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி வாங்கிக் கொடுத்து, விளக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு ஓய்வு வயது வந்துவிடும். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது மாடியிலிருந்து இயற்பியல் ஆசிரியை ஒருத்தி இறங்கி வந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மைக்ராஸ்கோப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணு செஞ்சு பாக்கட்டுமா மேடம்?" என்றாள். பத்தே நாளில் ஒரு நீல எல்.இ.டி., பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி மின்விசிறி, இரண்டு வண்ணக் கண்ணாடித் துண்டுகள், இவற்றை வைத்து ஒரு விளக்கைச் செய்து மாட்டிவிட்டாள். பழைய விளக்கைவிட நன்றாகவே தெரிந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருத்தி, அவள் என்றெல்லாம் எழுதுகிறேன். நேரில் வாய்நிறைய "நீங்க" என்றுதான் பேசினேன். மனசுக்குள் மட்டும் எப்போதும் அவள்தான். இங்கே மனசுக்குள் சொன்னபடியே எழுதிவிடுகிறேன்.

பொறாமை எனக்குப் புதிதில்லை. என்னோடு எம்.எஸ்சி. படித்த இரண்டு பேர் வெளிநாட்டில் டி.என்.ஏ. பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள். இப்போதெல்லாம் ஒளிக்கற்றையாலேயே டி.என்.ஏ. இழையை இரண்டு முனையிலும் பிடித்து நிறுத்தி, அதைப் பழுதுபார்க்கும் புரதம் ஒன்று இழையின் மேல் ஊர்ந்து போவதைப் படம் பிடிக்கிறார்களாம். இயற்பியலும் உயிரியலும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலை. அந்தப் படங்களை டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் பார்ப்பேன். வயிறு எரியும். அவர்கள் புரதம் ஊர்வதைப் பார்க்கிறார்கள், நான் கரண்ட் போனால் பாதியில் நிற்கும் சோதனையைக் காப்பாற்ற ஜெனரேட்டர் அறைக்கு ஓடுகிறேன் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் தூரத்தில் இருப்பவர்கள்மேல் வரும் பொறாமையோடு குடித்தனம் நடத்திவிடலாம். மாடிப்படியில் தினமும் எதிரே வருகிறவள்மேல் வந்தால் கஷ்டம்.

நான் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. தினமும் அடிபடுகிறது. வெயில், புகை, ரசாயனம் எல்லாவற்றாலும் அடிபடும். செல் அதைத் தானே சரிசெய்தும் கொள்கிறது. எவ்வளவு அடி, எவ்வளவு வேகத்தில் சரியாகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஜெல்லுக்குள் புதைத்து, மின்சாரம் பாய்ச்சுவோம். முழுசாக இருக்கும் டி.என்.ஏ. உருண்டையாக அப்படியே நிற்கும். உடைந்தது ஒரு பக்கமாக இழுபட்டு வால் விடும். சாயம் ஏற்றி நீல வெளிச்சத்தில் பார்த்தால் பச்சையாக ஒளிர்கிற வால்நட்சத்திரம் போல இருக்கும். சோதனைக்குப் பெயரே அதுதான். வால் நீளம் என்றால் சேதம் அதிகம். அதே செல்களை வேண்டுமென்றே ரசாயனத்தால் கொஞ்சம் காயப்படுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், நல்லபடியாகப் பழுதுபார்க்கிற செல்களில் வால் சுருங்கியிருக்கும்.

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களின் செல்களில் இந்த வால் எப்படி இருக்கிறது என்பது என் கேள்வி. அவர்கள் புகைப்பதில்லை. ஆனால் புகையிலைத் தூளை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியைப் பல வருடம் சுமந்திருந்தேன். இதற்கு முன் என் பெயர் வந்த கட்டுரைகளில் எல்லாம் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோதான் இருந்தேன். ஓய்வுபெறுவதற்குள் ஒரே ஒரு கட்டுரையில் முதல் பெயராக வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்காகத்தான் எல்லாம்.

கல்லூரியின் அனுமதிக் குழுவில் விண்ணப்பம் கொடுத்து, ரத்தம் எடுக்க ஒரு நர்ஸையும் ஏற்பாடு செய்துகொண்டு முதல் தடவை போனபோது, மேலப்பாளையத்துத் தெருக்களில் வாசல் வாசலாக நின்றேன். யாரும் முகத்தில் அடித்தாற்போலப் பேசவில்லை. "வீட்ல கேட்டுச் சொல்லுதோம் டீச்சர்" என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். மாலை வரை நடந்து மூன்று பேரிடம்தான் ரத்தம் எடுக்க முடிந்தது. மறுநாள் இது அவள் காதுக்குப் போய்விட்டது. "எங்க ஊருதான் மேடம். நான் வாறேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். நர்ஸ் முந்திக்கொண்டு, "வாங்க வாங்க" என்றுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அதே தெரு, அதே வாசல்கள். "வாட்டி, இப்பந்தான் வழி தெரிஞ்சுதா?" என்று ஒரு வீட்டிலிருந்து குரல் வந்தது. பாய் விரித்தார்கள், டீ வந்தது, இரண்டு வீட்டுப் பெண்கள் கூப்பிடாமலே வந்து கையை நீட்டினார்கள். அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள். எனக்கும் ஒரு டம்ளர் டீ கிடைத்தது. கொடுத்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க நம்ம பிள்ளைக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கீங்களா?" என்று அன்பாகக் கேட்டார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்கள் இருந்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். "என்னக்கா, மீனா?" என்று கண்டக்டர் கேட்டார். "ரத்தம்" என்றேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து முன்னால் போய்விட்டார். அவள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்து, "மேடம், ஒண்ணு சொல்லட்டா?" என்று ஆரம்பித்தாள்.

"சொல்லுங்க."

"பாஸ்புக் இருக்கான்னு கேக்காதீங்க மேடம். கையைப் பாருங்க."

பீடித் தொழிலாளிக்கு ஒரு பாஸ்புக் உண்டு. எந்த வருடம் சேர்ந்தார், எத்தனை நாள் வேலை என்று எல்லாம் அதில் இருக்கும். எழுத்தில் உள்ள ஆதாரம். என் கேள்வித்தாளில் முதல் கேள்வியே அதுதான். இருக்கிறது என்றால் பீடி சுற்றுகிறவர்கள் பட்டியல். இல்லையென்றால், அதே தெருவில் அதே சாப்பாடு சாப்பிட்டு அதே காற்றைச் சுவாசித்துப் பீடி மட்டும் சுற்றாதவர்கள் பட்டியல். இரண்டையும் ஒப்பிடுவதுதான் ஆராய்ச்சியே. அதில் போய் இவள் மூக்கை நுழைக்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்று ஏறியது.

"உங்க வேலை வெளக்கு" என்றேன். "ரத்தம் யாருகிட்ட எடுக்கணும்னு நான் பாத்துக்கிடுதேன்."

"சரி மேடம்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் கையைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை, ஏன்? பாடம் நடத்தும்போது கேள்வி கேளுங்கள், கேள்வி கேளுங்கள் என்று பிள்ளைகளின் உயிரை எடுக்கிறவள் நான்.

வேலை நான்கு மாதம் நடந்தது. சாதாரண வெளிச்சமே டி.என்.ஏ.வை உடைக்கும் என்பதால் மங்கலான மஞ்சள் விளக்கில் உட்கார்ந்து தகடு தகடாகச் செய்தேன். அவள் தன் விளக்கில் ஒரு கேமராவை மாட்டி, வாலின் நீளத்தைக் கம்ப்யூட்டரே அளக்கும்படி எழுதிக் கொடுத்தாள். முதல்வர் ஒருநாள் லேபுக்கு வந்து பார்த்துவிட்டு அவளை உச்சி குளிரப் பாராட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல துணை கிடைச்சிருக்கு உங்களுக்கு" என்றார். அன்று மதியம் தயிர்சாதத்தைத் திறந்ததோடு சரி.

முடிவு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. பீடி சுற்றுகிறவர்களின் வாலும் சுற்றாதவர்களின் வாலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. நான்கு மாத உழைப்பும் பல வருட ஆசையும் ஒரே படத்தில் பிசுபிசுத்துப் போய்விட்டன. வித்தியாசம் இல்லை என்பதும் ஒரு முடிவுதான். அதை ஒழுங்காக எழுதலாம். ஆனால் வித்தியாசம் இல்லாததுதான் சந்தேகமாக இருந்தது, ஏனென்றால் சுற்றாதவர்களின் வாலும் சின்னதாக இல்லை.

உடனே என் மனசு போன இடம் அவள் விளக்கு. சாயத்தை வெளுக்க வைக்கிறது, அளவைக் கெடுக்கிறது, இரவல் சாமான்களை வைத்துச் செய்த விளக்கு வேறெப்படி இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதும் ஒரு நிம்மதி வந்தது. யாரிடமும் சொல்லாமல், ஒரே ரத்தத்தில் இருபது தகடு செய்து, பாதியை அவள் விளக்கிலும் பாதியைப் பக்கத்துக் கல்லூரி மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தேன். அங்கே ஒரிஜினல் பாதரச விளக்கு. மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் இரண்டு இடத்திலும் அளவு ஒத்துப்போனது. ஒரு விளக்கின்மேல் குற்றமில்லை என்று தெரிந்து இவ்வளவு வருத்தப்பட்ட ஆசிரியை இந்தத் தாமிரபரணிக் கரையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

பிறகு வேறு வழியில்லாமல் மாடிப்படி ஏறினேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு பஸ்ல, கையைப் பாருங்கன்னு சொன்னீங்களே. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "பீடி சுத்தாதவங்க பட்டியல்ல எங்க உம்மா இருக்காங்க மேடம்."

எனக்குப் புரியவில்லை. "அவங்கதான் பாஸ்புக் இல்லன்னு சொன்னாங்களே."

"இல்லதான். பாஸ்புக் மாமி பேர்ல இருக்கு. வீட்டுக்கு ஒண்ணுதான். சுத்துறது எல்லாரும். நீங்க பாஸ்புக் இருக்கான்னு கேட்டீங்க, அவங்க உண்மையச் சொன்னாங்க."

"இத அப்பமே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன் மேடம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. விடைத்தாள்களை ஓரமாக நகர்த்திவிட்டு, "இன்னொரு தடவ சொல்லியிருக்கணும். கோவத்துல விட்டுட்டேன். அது என் தப்புதான்" என்றாள்.

மறுநாள் காலை வகுப்பு முடிந்ததும் அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய உம்மா கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் மூங்கில் சொளவு, அதில் வெட்டிய இலை, ஒரு ஓரத்தில் தூள். என்னைப் பார்த்ததும் சிரித்தார். கை நிற்கவில்லை.

"அம்மா, நீங்க என்ன வேலை பாக்குதீங்க?" என்று கேட்டேன்.

"வேலையா? நான் வீட்ல சும்மாதான இருக்கேன்" என்றார். இலையைச் சுருட்டி, தூளை அடைத்து, நூலைக் கட்டி, ஒன்றைச் சொளவில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"அப்பம் இது?"

"இதுவா? மதினிக்குச் சுத்திக் குடுக்கேன். அவ பாஸ்புக்குல்லா."

அவர் வாயில் பொய் இல்லை. அந்தத் தெருவில் யார் வாயிலும் இல்லை. புத்தகம் யாருடையதோ வேலை அவருடையது. மற்றவர்கள் சும்மா இருக்கிறவர்கள். நான் கேட்டது அரசாங்கம் கேட்கிற கேள்வி, அவர்கள் சொன்னது அதற்கான பதில். நான் கையைப் பார்த்தேன். கத்தரி வளையம் அழுத்தி அழுத்திப் பெருவிரல் அடியில் காய்ப்பு. பீடியின் வாயை மடக்கிச் செருகுவதற்காக வளர்த்த நகம், அதன் ஓரத்தில் பழுப்பு. ஊசி குத்தும்போது இந்தக் கைகளைத்தானே நான் பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை கைகள்.

"என்னோடதையும் பாருங்க" என்று அவள் தன் பெருவிரலை நீட்டினாள். அங்கேயும் அந்தக் காய்ப்பு இருந்தது, கொஞ்சம் மங்கலாக. எம்.எஸ்சி. முடிக்கிற வரை சுற்றியிருக்கிறாள். அந்த விளக்கின் கம்பிகளை அவள் பற்றவைத்துச் சேர்த்தபோது துளி நடுங்காத அந்த விரல்களைப் பார்த்து, இப்படி ஒரு கை நமக்கில்லையே என்று பொருமியிருக்கிறேன். எங்கள் வீட்டில் வயல் இருந்தது, குத்தகை நெல் வந்தது, படித்தால் போதும் என்று வளர்த்தார்கள். என் கையில் பேனா பிடித்த தடம் மட்டும்தான்.

எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பித்தோம். கேள்வித்தாளை அவள் எழுதினாள். பாஸ்புக் கேள்வியே அதில் இல்லை. உட்கார்ந்து, பேசி, கையைப் பார்த்து எழுத வேண்டும் என்று ஒரு குறிப்புதான். பீடியே சுற்றாதவர்களாகக் கல்லூரி அலுவலகப் பெண்கள், ஆசிரியைகள் என்று சேர்த்தோம். நானும் ஒருத்தி. அவள் பீடி சுற்றியவர்கள் பட்டியலில் தானாக வந்து உட்கார்ந்தாள். யாருடைய ரத்தம் எது என்று எங்களுக்கே தெரியக் கூடாது என்பதால், நர்ஸ் எண் ஒட்டிகளைக் கலைத்துப்போட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயில் ஒட்டினார். பெயர்ப் பட்டியல் ஒட்டிய கவருக்குள். அவளுக்கு ரத்தம் எடுத்தபோது நான் அடுத்த ஸ்டூலில் காத்திருந்தேன். அவள் குழாயின் எண்ணைப் பார்த்தேன். தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று ஒரு வாரம் எனக்கே சொல்லிக்கொண்டேன். எட்டிப் பார்த்தேன் என்பதுதான் நிஜம்.

தகடுகள் தயாரானதும் ஒரு மத்தியானம் ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டிய அறையில் தனியாக உட்கார்ந்து அந்த எண்ணைத் தேடினேன். பக்கத்தில் என் எண்ணையும் வைத்துக்கொண்டேன். இவ்வளவு வருடத்தில் ஒரு மாதிரியை இப்படிப் பிரித்துப் பார்த்ததே இல்லை, அது ஆராய்ச்சியைக் கெடுக்கும் செயல். தெரிந்தேதான் செய்தேன். அவள் வால் நீளமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஏதாவது ஒன்றிலாவது என் பக்கம் நன்றாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

நீளமாகத்தான் இருந்தது. காயப்படுத்தி ஒரு மணி நேரம் விட்ட தகட்டில் என்னுடையவை ஏறக்குறைய உருண்டையாகச் சுருங்கியிருந்தன. அவளுடையவை பாதிகூடச் சுருங்கவில்லை. நான் சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிடம் இருக்கும். அந்தச் சந்தோஷம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, வெயிலில் வந்து பானைத் தண்ணீர் குடித்தாற்போல. பிறகுதான் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அவள் ஸ்கூல் விட்டு வந்து, யூனிஃபார்மோடு சொளவை மடியில் வைத்துக்கொண்ட வருடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கை அணைத்தேன்.

மொத்தக் கணக்கில் இந்தத் தடவை இரண்டு கூட்டமும் தெளிவாகப் பிரிந்து நின்றன. கட்டுரை எழுத ஆரம்பித்தோம். முதல் பெயர் என்னுடையதுதான். விட்டுக்கொடுக்கலாமா என்று யோசித்தேன், மனசு வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு, எண்களும் அளவுகளும் எழுதிய பதிவேட்டை எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தாள். எதிரே உட்கார்ந்து, "மேடம், என் எண்ணப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லையே" என்றேன், வாய் கூசாமல்.

அவள் பதிவேட்டைப் பிரித்தாள். "நான் உங்களோடதப் பாத்துட்டேன். ரத்தம் எடுக்கும்போது எண் தெரிஞ்சு போச்சு. பாக்காம இருக்க முடியல. உங்க மாதிரிய எடுத்துடணும் மேடம், அது இனி செல்லாது." என் எண்மேல் விரலை வைத்தாள். "குட்டியா, உருண்டையா, அழகா இருந்துச்சு. எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

என்னிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பதிவேட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். பேனாவை எடுத்து என் எண்ணின் குறுக்கே கோடு போட்டேன். பிறகு நான்கு வரி தள்ளி இன்னொரு எண்ணின் குறுக்கேயும் போட்டேன்.

அவள் இரண்டாவது கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீளமா மேடம்?"

"ஆமா."

கைகளை மேசைக்கு அடியில் கொண்டுபோனாள். "ஒருத்தர் மாதிரிய மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா?"

முதல் வருடப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். "சொல்ல முடியாது" என்றேன். அது அப்படியே உண்மையாக இருந்துவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.